அத்தையின் பல் செட்

ஜூன் 3
பல் செட் செய்து பிழைக்கிறவன் வீட்டில் மாமியார் பல்லில்லாமல் மூன்று மாதமாக எல்லாவற்றையும் கரைத்துக் குடிக்கிறார். இன்றும் நான் எழுந்தது ஒன்பதரைக்கு.

மருமகன் நான் இருக்கும்போது வெளியில் செட் செய்யக் கொடுத்தால் எனக்கு அவமானமாம். அதனால் காத்திருக்கிறார். ஜூலை 11 கொழுந்தியாளின் கல்யாணம். "பொக்கை வாயோட சபைக்கு முன்னால வந்து நிக்க மாட்டேன். நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். பெற்ற மகள் கல்யாணத்துக்கு!

ஜூன் 5
பல் டாக்டர் நேற்று அத்தையின் வாயில் அச்சு எடுத்துத் தந்தார். அந்தப் பசை காய்ந்தால் சுருங்கும். உடனே அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்ற வேண்டும். எனக்குத் தெரியாதா? ஊற்றும் முன் ஐந்து நிமிடம் ஜெபிக்கலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் சாய்ந்தேன். சாய்ந்தவன் — சரி, வேறென்ன. எழுந்தபோது வீட்டில் விளக்கு போட்டிருந்தார்கள். அப்புறம்தான் ஊற்றினேன். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 14
செட் தயார். அத்தை போட்டுக்கொண்டு "நல்லா இருக்கு மாப்ள" என்றார். நம்பிவிட்டேன்.

ஜூன் 16
வாஷ்பேசினில் ரத்தம். மனைவிதான் பார்த்தாள். ஈறில் இரண்டு இடத்தில் புண். இரண்டு நாளாக வாய் திறக்கவில்லை அந்த மனுஷி. "கண்ணு முழிச்சு செஞ்ச பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது" என்றாராம். கண் முழித்தேனாம்!

மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. "சோம்பலை எடுத்துப் போடும் ஆண்டவரேன்னு படுத்துக்கிட்டே கேக்கறீங்க. அப்ப பிளாஸ்டர் அவரா வந்து கலக்குவாரு?" சுருக்கென்று தைத்தது. என் ஜெபமே ஒரு தலையணையாக இருந்திருக்கிறது.

அத்தையிடம் போய் "தூங்கிட்டேன் அத்தை, மன்னிச்சிடுங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்ப இன்னொரு தடவ வாயத் திறக்கணுமா?" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 17
தீர்மானம். காலை ஆறு மணிக்கு முழங்காலில். சுருக்கமான ஜெபம். ஆமென் சொன்ன கையோடு வேலை மேசை.

ஜூன் 18
ஆறேகால். பரவாயில்லை.

ஜூன் 19
எட்டு மணி. சீ.

ஜூன் 20
ஆறு. நான் ஜெபித்து எழுவதற்குள் மனைவி போர்வையைச் சுருட்டி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி அத்தையிடம். தாயும் மகளும் கூட்டு.

ஜூன் 27
புண் ஆறிவிட்டது. டாக்டர் மறுபடி அச்சு எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. அவர் கிளினிக்கிலேயே கை கழுவும் இடத்தில் நின்று பிளாஸ்டர் ஊற்றினேன். "என்னப்பா, ரயிலுக்கு நேரமாச்சா?" என்றார் டாக்டர்.

ஜூலை 2
மெழுகில் பல் அடுக்கி முடித்தேன். பன்னிரண்டு நாளாக ஆறு மணி தவறவில்லை. பெரிய தரிசனம் ஒன்றும் கிடைக்கவில்லை. கண் எரிகிறது, முழங்கால் வலிக்கிறது, வேலை நடக்கிறது. நான் கேட்ட பலம் மொத்தமாக வராது போலிருக்கிறது. அந்தந்த நாளுக்கு அந்தந்த நாளின் அளவுதான் தருகிறார். அது போதுமாகவும் இருக்கிறது.

ஜூலை 8
புது செட் தயார். இந்த முறை நான் விடவில்லை. "கடிங்க. திறங்க. உண்மையைச் சொல்லுங்க அத்தை." மதியம் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஓர் ஆப்பிளை எடுத்துத் தோலோடு கடித்தார். அப்பாடா. மெல்லும் சத்தம் கேட்டு மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

ஜூலை 11
கல்யாணம் முடிந்தது. பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை ஜெபிக்கட்டும் என்றார் போதகர். ஒரு வார்த்தையா! முந்தானையால் வாயை மூடாமல், கணீரென்று, கால் மணி நேரம். மணமக்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். முடிவில், "எம் மருமகனை எழுப்பி விட்டீரே, அதுக்கும் ஸ்தோத்திரம்" என்றார். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். நிம்மதியில் கண் நிறைந்துவிட்டது.

ஜூலை 13
காலை எட்டு மணி. ஆறிலிருந்து மேசையில்தான். யாரோ ஒரு பெரியவருக்கு மேல் வரிசை. அடுத்த மாதம் கொடுத்தால் போதும் என்கிறார் டாக்டர். பாதிப் பல் வைத்தாயிற்று.