நம் வாய்க்கால், உங்கள் ஜூவின் கிளை

நீடாமங்கலம்

அன்பு மகள் எழில்மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி இளவழகன், நட்டு முடித்த சம்பாப் பயிர் எல்லாரும் நலம். ஜெர்மனிக் குளிரில் நீயும், உங்கள் ஜூவில் நீ வளர்க்கும் நீர்நாய்களும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பார், இது தெருவுக்குத் தெரியக்கூடாத சேதி, அதனால்தான் எழுதி நானே போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

எல்லாம் நீ அனுப்பின படத்தால் வந்த வினை. நீர்நாய் குட்டி போட்டதற்கு உங்கள் ஜூவில் கேக் வெட்டினீர்களே, பெருமை தாங்காமல் அதை ஊர் முழுக்கக் காட்டிவிட்டேன். பஞ்சாயத்துத் தலைவர் துரைராசு பார்த்துவிட்டு, "நம்ம வாய்க்கால்ல இதுங்க குடும்பமா கெடக்கு, பாதுகாக்கத்தான் ஆளில்ல" என்று ரொம்ப வேதனைப்பட்டார். அந்த வேதனையிலேயே கூண்டு வைத்துத் தாயைப் பிடித்தும்விட்டார். குட்டி இரண்டும் கரை வளைக்குள்ளேயே நின்றுவிட்டன. வனத்துறைக்குத் தெரிந்தால் கேஸ் என்று இளவழகன் சொன்னதற்கு, "பாதுகாக்குறவன் மேல எவன்டா கேஸ் போடுவான்?" என்று கேட்டாராம்.

வாய்க்கால் ஓரத்தில் பஞ்சாயத்து ஆபீஸ் இருக்கிறதே, அதன் வாசலில் கூண்டு, மேலே 'வனவிலங்குப் பாதுகாப்பு மையம்' என்று பிளக்ஸ். அதில் தலைவர் முகம்தான் பெரிசு, பக்கத்தில் நீர்நாய் என்று போட்டிருந்தது கீரிப்பிள்ளை. திறப்பு விழாவை அமாவாசையில் வைத்தார்கள். அன்றைக்குக் கவிச்சி ஆகாதே, அதனால் அதற்கும் இலை போட்டுத் தயிர் சாதம்! மீனைத் தின்று வளர்ந்த ஜென்மம், முகர்ந்து பார்த்துவிட்டு மூலையில் சுருண்டுகொண்டது. "விரதம் இருக்கு பாரு" என்று ஒரு மகானுபாவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லையடி. சுருண்டபடியே அது கீச்சுக் குரலில் குட்டிகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. உன்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு நானும் இப்படித்தான் உன் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

எல்லாரும் பந்தியில் உட்கார்ந்ததும் போய்த் தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டேன். ஒரே பாய்ச்சல், வாய்க்காலுக்குள் போய்விட்டது. கை கழுவ வந்தவர்கள் கூச்சல் போட்டதும் வாயில் வந்ததை அடித்துவிட்டேன். "எம்பொண்ணு ஜூவுலேர்ந்து உத்தரவு வந்துச்சுங்க, அதான் தொறந்து விட்டேன். நம்ம வாய்க்காலையே அவங்க கிளையா எடுத்துக்கிட்டாங்களாம். கிளையில கூண்டு கூடாதாம், தண்ணியில குப்பை விழக்கூடாதாம்" என்றேன். தலைவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே நீ! மறுநாளே 'சர்வதேச உயிரியல் பூங்கா, நம்மூர்க் கிளை' என்று புது பிளக்ஸ் வந்துவிட்டது, முகம் இன்னும் பெரிசு. கோழிக்கடைக் கழிவை வாய்க்காலில் கொட்ட வருகிறவர்களை இப்போது அவரே நின்று விரட்டுகிறார். நேற்று வரப்பில் நின்று பார்த்தேன், தாயும் இரண்டு குட்டிகளும் வரிசையாக நீந்திப் போயின.

இப்போது அவர் உன்னிடம் பேச வேண்டும் என்று நம்பர் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். நீ அரிச்சந்திரன் பேத்தி மாதிரி உண்மையைப் பேசித் தொலைத்தால் கூண்டு திரும்ப வந்துவிடும், இந்தத் தடவை குட்டிகளும் உள்ளே போய்விடும். ஆமாம் என்று மட்டும் சொல், போதும். ஜூவில் வளர்ப்பதே என்றைக்காவது ஆற்றிலும் காட்டிலும் விடத்தான் என்று என்னிடம் சொன்னவள் நீதானே? விடுவதற்கு ஆறு வேண்டாமா? அதைத்தான் இங்கே நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, காது மூடிப் போ, மகராசியாய் இரு. தலைவர் கூப்பிட்டால் போனை எடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா அம்சவல்லி,
கிளை மேனேஜர்.