துண்டுக்கடியில் வந்த கை

ஆடி 14, செவ்வாய், கடலூர்.

உலகத்திலேயே முதன்முதலாக நான் கண்டுபிடித்த பலாக்கொட்டை அல்வாவுக்கு விலை பேச, மச்சானோடு சிதம்பரம் போனேன். பஸ்ஸே வாய் பிளக்கும்படி விளக்கினேன். "இதை வேற எவனும் செய்யல. போட்டி கிடையாது. அதனால நான் சொல்றதுதான் விலை. கிலோ அறுநூறு."

"மாமா, 'வேற எவனும் செய்யல'ங்கிற முதல் பேச்சுலதான் எல்லாம் நிக்குது. எவனாவது ஒருத்தன் செஞ்சிருந்தா மொத்தமும் சரிஞ்சிடும்" என்றான்.

இனிப்புக் கடையில், விரலைப் பிடித்தே விலை பேசும் பண்ருட்டி மண்டி வழக்கப்படி துண்டைப் போட்டு, அடியில் கையை நீட்டினேன். ஜில்லென்ற கை ஒன்று என் மூன்று விரலை அழுத்தியது. முந்நூறு! அடுப்பு விறகுக்கே கட்டாது. "அநியாயம்ங்க" என்று நிமிர்ந்தேன். கடைக்காரர் இரண்டு கையாலும் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். "நான் இன்னும் கையே குடுக்கலையே" என்றார்.

விலை பேசாமலே திரும்பிவிட்டோம்; நாளைக்குக் கடைக்காரருக்கு விலை சொல்லியாகணும். அந்தக் கை அழுத்திய மூன்று விரலிலும் பலாக்கொட்டை அல்வாவின் நெய்ப் பிசுக்கு, சோப்புக்கும் போகவில்லை. ஏலக்காய் மணக்கிறது. நான் ஏலக்காய் போடுவதே இல்லை.