நிற்கும் இடங்கள் ஏழு

2018 செப்டம்பர் 3

காலை எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை தபால் நிலைய மூலையில் நின்று ஆட்களை எண்ணினேன். ஆயிரத்து நூற்று நாற்பது பேர். கால் கழன்றுவிட்டது. நகராட்சிக் கட்டடப் பிரிவில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவளுக்கு ஒரு நாற்காலி எடுத்துவரத் தோன்றவில்லை.

கடைத்தெருவில் மொத்தம் தொண்ணூற்றாறு கடைகள். நாற்பத்தொன்று பூட்டிக் கிடக்கின்றன. வெளிவட்டச் சாலையில் பேரங்காடி வந்ததிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒன்று இழுத்து மூடுகிறார்கள். ஐரோப்பிய நிதி வந்தால்தான் தெரு பிழைக்கும். தெருவைப் புதுப்பிக்கும் என் திட்டம் தேறினால்தான் நிதி வரும். தேறாவிட்டால் லூபென் அண்ணன் கடையும் அந்தப் பட்டியலில் சேரும். இதை ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. வயதானவர்கள் ஏழு இடங்களில் வந்து நிற்கிறார்கள். ஏழுமே பூட்டிய கடைகளின் வாசல்கள். நின்று, இரண்டு வார்த்தை பேசி, பிறகு ரொட்டிக்கடை, காப்பிக்கடை என்று கலைகிறார்கள். வரைபடத்தில் ஏழு வட்டம் போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் 'நிழல்?' என்று எழுதினேன்.

செப்டம்பர் 4

மழை. அதே ஏழு இடங்களில் குடையோடு நிற்கிறார்கள். நிழலை அடித்துவிட்டுப் 'பழக்கம்' என்று எழுதினேன். ஏழு இடத்திலும் பெஞ்சு போட்டுவிடலாம்.

செப்டம்பர் 11

அண்ணன் கடைக்குப் போனேன். பல்பு, சுவிட்ச், ஒயர். இருபத்தேழு வருடமாக அதே கல்லா, அதே ஸ்டூல். டோன்கா அண்ணி போனபிறகு அங்கே வானொலி பாடுவதில்லை.

"என்னடி, தெருவுக்குள்ள காரே விடமாட்டியாமே? ஒயர் சுருளத் தோள்ல போட்டுக்கிட்டு எவன் நடப்பான்?"

"கொஞ்ச நாள் பொறுண்ணே. ஜனம் தானா வரும்."

"வரும் வரும். நீ பெஞ்சு போட்டா வானத்துலேர்ந்து குதிக்கும்."

பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். அக்டோபர் 12 அன்று அண்ணி இறந்து ஒரு வருடம். தெருவில் ஒட்ட வேண்டிய அஞ்சலித் தாள். கறுப்புக் கட்டம், அண்ணியின் சிரித்த படம், கல்லறைத் தோட்டத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு என்ற வரி. அடியில், துயருறுவோர்: கணவர் லூபென், மகள் இவெலினா, நாத்தனார் மிக்லேனா.

"பிழை இருக்கான்னு பாரு" என்றான். பிழையே இல்லை. இருந்தாலும் என் பெயர் இருந்த வரியை நாலு தடவை படித்தேன். எங்கள் குடும்பத்தில் மிச்சம் இந்த மூன்று பேர்தான்.

செப்டம்பர் 20

தலைநகர் சோபியாவிலிருந்து வந்திருக்கும் ஆலோசகன் காலோயனோடு தெருவை நடந்து பார்த்தேன். முப்பது வயதிருக்கும். கணுக்கால் தெரிகிற கால்சட்டை.

"மேடம், இது கடைத்தெருவா, சுடுகாடா? கதவு, கம்பம், மரம், எங்க பாத்தாலும் செத்தவங்க மூஞ்சி. நிதி அதிகாரிங்க கண்ணுல இதுதானே முதல்ல படும்?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற தாள்கள், அவன் சொல்லும்வரை என் கண்ணில் படவே இல்லை. சாயங்காலத்துக்குள் தூய முகப்பு விதியை நானே எழுதிவிட்டேன். தெருவில் எங்கும் எதுவும் ஒட்டக்கூடாது. அஞ்சலிகளுக்குப் பேருந்து நிலையத்தின் பின்பக்கம் ஒரு பலகை. அதிகாரிகள் அக்டோபர் 10 வருகிறார்கள். அதற்கு முந்தைய நாள் எல்லாவற்றையும் சுரண்டிவிடும்படி துப்புரவுப் பிரிவுக்குக் கடிதம் போட்டேன்.

அக்டோபர் 10

அதிகாரிகள் வந்தார்கள். தெரு துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. "அருமை" என்று இரண்டு தடவை சொன்னார்கள். நிதி அநேகமாக நிச்சயம்!

அக்டோபர் 12

எழுதவே கை வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நினைவு நாளில் வருகிறவர்களுக்குக் கொடுக்க அண்ணன் அறுபது பேருக்குக் கோதுமை அவித்து, சர்க்கரையும் வால்நட்டும் தூவி, பெரிய பானையில் கொண்டுவந்திருந்தான். வந்தது பாதிரியார், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், நான். டோன்கா அண்ணிக்கு! பாதி ஊருக்குத் தடுப்பூசி போட்ட நர்ஸ் அவள். ஒரு மணிவரை காத்திருந்தோம். பாதிரியாருக்கு வேறு வேலை இருந்தது.

எல்லோரும் போனபிறகு அண்ணன் பேசினான். சத்தம் போடவில்லை.

"நாப்பது தாளு. ஏணி போட்டு நானே ஒட்டினேன். மறுநாள் ஒண்ணுகூட இல்ல. அசென்கிட்ட சண்டைக்குப் போனேன். அவன் பாவம், குப்பை அள்றவன், கடுதாசிய எடுத்துக் காட்டினான். உன் கையெழுத்து. 'அழுக்குத் தாள்கள்'னு எழுதியிருக்க. டோன்கா மூஞ்சி உனக்கு அழுக்கு."

"அண்ணே, நான் நெனச்சே பாக்கல..."

"அதத்தான் சொல்றேன். இனிமே உன் பேரு அதுல வராது."

ஏன் தோணல எனக்கு? என் கையிலதானே குடுத்தான்? என் பேரைத்தானே நாலு தடவை படிச்சேன்? அப்புறமும் அந்தக் கடுதாசிய எழுதினேனே. என்ன ஜென்மம் நான்!

அக்டோபர் 13

அண்ணன் போன் எடுக்கவில்லை.

நவம்பர் 28

நகர சபையில் திட்டம் நிறைவேறியது. இருபத்துமூன்றுக்கு நாலு. மேயர் கை கொடுத்தார்.

நவம்பர் 29

காலையில் நகராட்சிக் கதவில் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு தாள். மறைந்தவர், நம் கடைத்தெரு. துயருறுவோர், கட்டடக் கலைஞர் மிக்லேனா. கடைக்காரர்கள் வேலை. ஆபீஸே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். கையால் எழுதியிருந்தார்கள். அண்ணன் எழுத்தா என்றுதான் முதலில் தேடினேன். இல்லை.

2019 மார்ச் 19

தெரு முழுக்கப் பள்ளம். பள்ளத்தைத் தாண்ட அண்ணன் கடை வாசலுக்கு ஒரு பலகை போட்டிருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போனால் அவன் அலமாரியைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறான். இந்த ஊரில் அவ்வளவு சுத்தமான அலமாரி வேறு இருக்காது.

ஜூன் 24

திறப்பு விழா. பாண்டு வாத்தியம், பலூன். புது விளக்குக் கம்பங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஏழு பெஞ்சுகள்.

ஜூலை 2

அதே மூலை, அதே மூன்று மணி நேரம். அறுநூற்றுப் பத்துப் பேர். தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி கூட்டிப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்தவர் ஒருவர். அவரும் ஷூ நாடா கட்ட.

ஜூலை 9

ரொட்டிக்கடையில் ஸ்தோய்னா அம்மாவைப் பிடித்தேன். சர்க்கரை ஆலையில் இருந்து ஓய்வுபெற்றவர், வாய் ஜாஸ்தி. என் ஏழு வட்டத்தில் தினமும் நின்றவர்களில் ஒருவர்.

"இப்பல்லாம் தெருப்பக்கம் வர்றதே இல்லையேம்மா?"

"எதுக்கு வரணும்? முன்னாடி காலைல எழுந்ததும், பூட்டின கதவுல ஒட்டின தாள்ல யாரு போயிட்டாங்கன்னு பாக்க வருவோம். நம்ம பேரு இல்லைன்னு நிம்மதியா ஒரு காப்பி, ஒரு ரொட்டி, ஒரு பல்பு. இப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி போகச் சொல்றாங்க. அங்க மூத்திர நாத்தம். போன மாசம் என் ஆலைக்காரி ஒருத்தி செத்துப் புதைச்சு, ஒன்பதாம் நாள்தான் எனக்குத் தெரியும். எந்தப் புத்திசாலி பண்ணின வேலையோ!"

புத்திசாலி அங்கேயே ரொட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

செத்தவர்கள்தான் அந்தத் தெருவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் துரத்திவிட்டு, அவர்களைப் பார்க்க வந்தவர்களுக்குப் பெஞ்சு போட்டிருக்கிறேன். கதவைப் பார்த்தபடி நின்றவர்களை முதுகுப் பக்கமிருந்து எண்ணியிருக்கிறேன். எதைப் பார்க்கிறார்கள் என்று பத்தடி நடந்து போய்ப் பார்த்தேனா?

ஜூலை 30

விதியை நீக்கும்படி மேயரிடம் கேட்டேன். காலோயனைக் கேள் என்றார். போன் செய்தேன்.

"மேடம், அது நிதி ஒப்பந்தத்துல நிபந்தனையா ஏறிடுச்சு. அஞ்சு வருஷத்துக்கு மாத்த முடியாது." பிறகு, "நீங்க எழுதினதுதானே" என்றான். கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

செப்டம்பர் 6

அண்ணன் கடையை மாத முடிவில் மூடுகிறானாம். வலென்சியாவில் இருக்கும் இவெலினாவிடம் போகிறானாம், அவளுக்கு நவம்பரில் பிரசவம். அசென் தெருவைப் பெருக்கியபடியே சொன்னார்.

உள்ளே போய் ஒரு பல்பு கேட்டேன். எடுத்தான். எல்லோருக்கும் செய்கிற மாதிரி சாக்கெட்டில் மாட்டிப் பார்த்தான். "எரியுது" என்றான். பதினோரு மாதத்தில் அண்ணன் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

செப்டம்பர் 30

பூட்டிய கடைகள்: நாற்பத்தெட்டு. கடைசி எண் அண்ணன் கடை; அதை எழுதியது நான்தான்.

அக்டோபர் 8

என் மேசையில் ஒரு பொட்டலம். அசென் கொண்டுவந்து வைத்தாராம். மேலே அண்ணன் எழுத்தில் ஒரு சீட்டு.

"இவெலினாவுக்குக் குழந்தை முன்னாடியே பிறந்திருச்சு. இன்னிக்கே கிளம்புறேன். 12-ம் தேதி டோன்காவுக்கு ரெண்டு வருஷம். கோதுமை நீ அவி. தாள எங்க ஒட்டுவியோ, உன் பாடு."

உள்ளே நாற்பது தாள்கள். அண்ணியின் அதே சிரிப்பு. பன்னிரண்டு மணி என்ற வரி வரைக்கும் படித்தேன். அதற்குக் கீழே படிக்கத் தைரியம் வரவில்லை. திரும்பக் கட்டிவைத்துவிட்டேன்.

அக்டோபர் 9

காலை எட்டு மணிக்கு ஏணியும் பசை டப்பாவுமாகத் தெருவுக்குப் போனேன். முதல் தாளை அண்ணன் கடைக் கதவில் ஒட்டினேன். பிறகு என் அழகான விளக்குக் கம்பங்களில். ஏழு இடங்களிலும்.

அசென் சுரண்டியோடு வந்து நின்றார். "மேடம், கடுதாசி உங்களோடதுதான். நான் என்ன பண்ண?"

"என் மேல புகார் எழுதிக் குடுங்க."

"எழுதத்தான் வேணும்" என்றார். சுரண்டியைச் சட்டைப்பையில் செருகிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

இறங்குவதற்குள் ஸ்தோய்னா அம்மா வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டி, எழுத்து எழுத்தாகச் சத்தமாகப் படித்தார். "அட, நம்ம நர்ஸம்மா! துயருறுவோர், கணவர் லூபென், மகள் இவெலினா, பேரன் ஸ்டெஃபன்..." தாளுக்குக் கிட்டே குனிந்தார். "நாத்தனார் மிக்லேனா. அது நீதானே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அக்டோபர் 12

புகார் போய்ச் சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை மேயரிடம் விளக்கம் சொல்ல வேண்டும். என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு அறுபத்துமூன்று பேர் வந்தார்கள். எண்ணினேன், பழக்கம். பானையை வழித்துக் கொடுத்தும் கடைசி இரண்டு பேருக்குப் போதவில்லை. அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"அடுத்த வருஷம் எம்பது பேருக்கு அவி."