பட்டியலில் திரும்பி வரும் உன் பெயர்

என் செல்வி அக்கா,

உன் லேப்டாப்பில்தான் இதை எழுதுகிறேன். உன்னை அடக்கம் செய்து ஏழு மாதம் ஆகிறது. கடலுக்குப் போகும் படகுக்கு ஆபத்தென்றால் எந்த வீட்டுக்குப் போன் அடிக்க வேண்டும் என்ற பட்டியலை இப்போது நான்தான் மீனவர் சங்கத்துக்கு அனுப்புகிறேன். பட்டியலைத் தயாரிக்க நீ எழுதி விட்டுப்போன ஸ்கிரிப்டைப் பார்த்துப் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டேன். அதில் ஒரு வரி என்னைக் கட்டிப்போட்டுவிட்டது.

jq -s '.[0] * .[1]' pazhaya.json indru.json

பழைய கோப்பும் இன்றைய கோப்பும் சேருகின்றன. இன்று மாற்றி எழுதியது மாறும். இன்று எழுதாமல் விட்டது பழையபடியே நிற்கும். மச்சான் படகுக்கு உன் பெயரை விட்டுவிட்டு என் பெயரை எழுதினேன். இரண்டு பெயரும் வந்தன, நீ முதலில். அந்த வரியின் நடுவிலிருந்த நட்சத்திரக் குறியை எடுத்துவிட்டுக் கூட்டல் குறி போட்டேன். நீ போனாய், கூடவே ஆட்களின் இரத்த வகை, இன்ஜின் எண் எல்லாம் போயிற்று. பயந்துபோய்ப் பழையபடி மாற்றினேன். உன் பெயர் இருந்தால் யாருக்கு என்ன கெடுதல்?

போன வாரம் மச்சான் படகு கரைக்கு வரவில்லை. சங்கத்துக்குப் புதிதாக வந்தவர் முதல் எண்ணுக்கே அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். உன் போன் மாதா படத்துக்குப் பின்னால் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்னைப் பிடித்தார்.

“எந்தப் பக்கம் போறேன்னு சொன்னாகளாம்மா?”

“தனுஷ்கோடிப் பக்கம்ணே. கெளம்பும்போதே சொன்னாக.”

“இதக் கேக்கத்தானே அந்தம்மாவுக்கு அடிச்சேன். எங்க போயிருக்காக அவுக?”



இன்ஜின் நின்று அலையில் கிடந்த படகை இழுத்து வந்தார்கள். மச்சான் என்னைத் திட்டவில்லை. “அவ பேர எடுத்துரு தாயி,” என்றார். பிறகு, “தாலி கட்டுன எனக்கு மட்டும் மனசு வருதா,” என்றார்.

வழி எனக்கு முன்பே தெரியும். சேர்த்து முடித்த பிறகு del என்ற நீக்கும் கட்டளையைப் போட்டு உன் பெயரைச் சொன்னால், அது மட்டும் போய்விடும். தெரிந்தேதான் எழுதாமல் இருந்தேன். இன்று செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு எழுதிவிட்டேன்.

பழைய கோப்பில் கை வைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் நீ வருவாய், ஒவ்வொரு தடவையும் நானே உன்னை எடுக்க வேண்டும். அங்கேயே எடுத்தால் என்ன என்று கேட்காதே.

மச்சான் எந்தப் பக்கம் போகிறார் என்று கேட்காமல் வாசலைத் தாண்ட விடமாட்டேன். என் போனில் சார்ஜ் இறங்காது. உனக்காக ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லாமல் அந்த வரியை ஓட்டவும் மாட்டேன். இது சத்தியம்.

பட்டியலில் உனக்கு அடுத்ததாகவே இருந்திருக்க வேண்டிய,
உன் தங்கச்சி