இடது முள் நீளம்

வாத்தியாரே,

உம் பிஸ்கட் டப்பாவைத் திறந்ததும் அந்தப் பாழாய்ப்போன பார்மலின் நெடி மூக்கில் ஏறுகிறது. பத்து நாளாகத் தினமும் திறக்கிறேன், தினமும் தும்முகிறேன். இன்று போட்ட தும்மலில் சாத்தூர் ஸ்டேஷனில் நின்ற ரயில் பச்சைக்கொடிக்குக் காத்திராமல் கிளம்பியிருக்கும். "ஒங்க பேரை எழுதி வச்சிருந்தாக அண்ணே" என்று உம் மனைவி கொடுத்துவிட்டுப் போன டப்பா. செத்தவரை ஏசக் கூடாதாம். நான் ஏசத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உள்ளே அந்த பார்மலின் மிச்சமிருக்கும் ஒரு பாட்டில், காய்ந்த கண்மாய் மண் ஒரு பொட்டலம், பட்டணத்து உயிரியல் நிபுணர் உமக்கு எழுதிய கடிதம். ஏழு வருஷமாக வரவே இல்லை என்று நீர் சாதித்தீரே, அதே கடிதம்.

நயா பைசா புதிதாக வந்திருந்த சமயம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் விருதுநகரிலிருந்து நீர் சைக்கிள் மிதிப்பீர், சிவகாசியிலிருந்து நான். நடுவில் ஆமத்தூர் கண்மாய். மெல்லிய துணி வலையால் தண்ணீரை அரித்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு, பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தள்ளினீர். குனிந்து பார்த்தேன். கடுகை நூறாகப் பிளந்தால் ஒரு பங்கு வருமே, அம்மாத்திரம் ஓர் உயிர். கண்ணாடி உடம்பு. வாயில் மயிர்ச் சக்கரம் சுழல்கிறது. பின்னால் ஊசிபோல் இரண்டு முட்கள்.

"அடேயப்பா, நம்ம தரைச்சக்கரம்! இதுக்கு எவன் திரி கொளுத்துனான்?"

"சிரிக்காதீக அண்ணாச்சி. இந்த வகையில ஒண்ணுலருந்து ஒண்ணைப் பிரிச்சுக் காட்டுறதே அந்த முள்ளுதான். புஸ்தகத்துல இருக்குற எதுக்கும் எடது முள்ளு இம்புட்டு நீளம் கெடையாது. இது புதுசு. நீங்கதான் படம் போட்டுத் தரணும்."

என்னிடமா கேட்டீர்! நான் வரைந்த புலி லேபிளைப் பார்த்து மூன்று தெரு ஆடுகள் பால் சுரக்க மறந்த காலம் அது. ஆனால் நான் அச்சாபீசில் கல்லில் வரைகிறவன்; கல்லிலிருந்து தாளுக்குப் போகையில் படம் இடம் வலமாக மாறும். கல்லில் லட்சுமி இடக்கையைத் தூக்கினால்தான் வெடிக்கட்டு லேபிளில் வலக்கையால் ஆசீர்வதிப்பாள். எதைக் கண்டாலும் இடம் வலமாகத் திருப்பியே போட்டுப் பழகிய கை. அன்று முன்னால் இருந்தது கல் இல்லை, தாள். கைக்கு அது தெரியவில்லை.

உமக்கும் கண் போயிற்று. சக்கரத்தின் மயிரை நான் ஒவ்வொன்றாக இழைத்திருந்த அழகில் சொக்கி, "உசுரோட இருக்கு அண்ணாச்சி" என்று நீர் எழுதிய விவரத்தோடு உறையில் போட்டு ஒட்டி, அந்த உயிரை அடைத்த மருந்துப் பாட்டிலையும் சேர்த்துப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டீர்.

நிபுணர் எழுதியிருக்கிறார்: பாட்டில் உடைந்து வந்தது. விவரத்தில் இடது முள் நீளம், படத்தில் வலது முள் நீளம். இடம் வலம் தெரியாதவர் புதிய இனம் கண்டேன் என்று கிளம்ப வேண்டாம். அதன் பின்னால் உம் பதிலின் நகல், ஒரே வரி. "பிழை என்னுடையது."

உம்முடையதா? யாரைக் கேட்டு என் பிழையை எடுத்துக்கொண்டீர்? கண்மாயில் அப்போது தண்ணீர் கிடந்தது, அந்த உயிரும் கிடந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் வேறு படம் போட்டிருப்பேனே! அடுத்த கோடையில் கண்மாய் வற்றியது. பிறகு எத்தனை மழை பெய்தும் அது நம் வலையில் விழவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சிவகாசியில் ஒரு டீக்கடை விடாமல், "எம் படம் பட்டணம் போயிருக்குல்லா! அடுத்து சீமைதான். ராணியே கேட்டு விட்டிருக்கா" என்று நான் முழங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் நீர் இருந்தீர். "பதில் வந்துச்சா வாத்தியாரே?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னீர்: "பெரிய எடம் அண்ணாச்சி. மெதுவாத்தான் வரும்."

அந்தக் கடிதம் அப்போது உம் சட்டைப் பையில்கூட இருந்திருக்கும். என் வாய்ச்சவடாலைக் காப்பாற்ற, நீர் கண்டெடுத்த உயிரைப் பேரில்லாமல் விட்டுவிட்டீர். இதற்குப் பேர் பெருந்தன்மை இல்லை ஐயா, திருட்டு.

பொட்டலத்தின் மேல் உம் கையெழுத்து: வடகரை மண். அந்தக் கரையில் நின்று ஒருமுறை சொன்னீர், "கம்மா வத்துனாலும் முட்டை சாகாது. மண்ணுக்குள்ள கெடக்கும். தண்ணி பட்டா எந்திரிச்சிரும்." உம் பள்ளிக்கூடத்தில் ஒரு மகாயுத்தமே நடத்தி மைக்ராஸ்கோப்பை வாங்கி வந்துவிட்டேன். ஒரு சிட்டிகை மண்ணைக் கிண்ணத்தில் நனைத்து ஒன்பது நாளாகிறது. என்னென்னவோ எழுந்து நீந்துகின்றன. நம்முடையது இன்னும் எழவில்லை.

தாள் தயாராக இருக்கிறது. இரண்டு ஓரத்திலும் இடது, வலது என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன். அடியில் ஒரு வரியும் எழுதியாயிற்று: "முன்பு அனுப்பிய படத்தின் பிழை, வரைந்தவனுடையது."

அதில் இனி நீர் கைவைக்க முடியாது.