பாதிச் சாலையில் ஒரு ஸ்கூட்டர்

பிப்ரவரி 3, செவ்வாய்

கடும் பனி. புளியமரத்துக்கு அப்பால் ரோடே தெரியவில்லை. பஸ் தாமதம், உட்கார இடமில்லை. பள்ளியக்ரஹாரம் வரை நின்றுகொண்டே. இடுப்பு கழன்றுபோயிற்று.

லேபில் வழக்கம்போல வெறும் வயிற்றுக் கூட்டம். குனிந்து குனிந்து ரத்தம் எடுத்ததில் நிமிர முடியவில்லை. ரிசப்ஷனில் இருக்கும் தேன்மொழி பார்த்துவிட்டாள். "அக்கா, பஸ்ல நின்னுக்கிட்டு வராதீங்கன்னு டாக்டர் சொன்னதக் கேக்க மாட்டேங்கிறீங்க. பேசாம என்ன மாதிரி பேட்டரி வண்டி ஒண்ணு வாங்கிடுங்க. குலுங்காம வீட்லேருந்து லேப், லேப்லேருந்து வீடு."

சாப்பிட்டபின் அவள் வண்டியில் வாசலில் ஒரு சுற்று. கல்யாணத்துக்கு முன் மொபெட் ஓட்டிய கை, மறக்கவில்லை! கிளம்பியதே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. ஆனால் சீட்டு உயரம். நுனிக்கால்தான் எட்டியது.

எனக்கு வேண்டியது:
– இரண்டு காலும் தரையில் பட வேண்டும். (குள்ளம்தான். ஒப்புக்கொள்கிறேன்.)
– சீட்டு மெத்தென்று.
– குழியில் இறங்கினால் இடுப்பு வரைக்கும் வரக்கூடாது.
– கால் வைக்கும் இடத்தில் ஒரு சிப்பம் அரிசி நிற்க வேண்டும்.
– போய்த் திரும்பச் சார்ஜ் தாங்க வேண்டும். நடுவழியில் தள்ள என்னால் ஆகாது.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "வாங்கிடுவோம் மல்லி. நானே ஓட்டிக்கிட்டு வந்து ஒன்ன லேப் வாசல்லயே எறக்கி விட்டுட்டு வரேன்."

நான் கேட்டது எனக்கு ஒரு வண்டி. அவர் மனசுக்குள் வாங்கியது அவருக்கு ஒரு வண்டி! சிரித்துக்கொண்டேன். கல்யாணமான நாள் முதல் பைக்கில் என்னை பஸ் ஸ்டாப்பில் கொண்டுவிடுவது அவர் வேலை. வயலில் ஆள் வந்து நின்றாலும் முதலில் நான்தான்.

மாவு அரைக்கவில்லை. நாளைக்கு உப்புமா.

பிப்ரவரி 5, வியாழன்

பனி குறைவு. விழுந்துவிட்டோம்.

இந்த வாரம் ஊரே நெல்லை ரோட்டில்தான் காயவைக்கிறது. ஈரமாக இருக்கிறதென்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்புகிறார்களாம். ரோட்டில் இடது பாதி நெல்லுக்கு, வலது பாதி வண்டிக்கு. நெல்லைச் சுற்றிச் செங்கல், கருங்கல், முனையில் ஒரு வேப்பங்கிளை. தூரத்தில் பார்த்ததுமே எல்லாரும் வளைந்து போய்விடுவார்கள். அவர் வளையவில்லை. தினமும் போகிற தடத்தில் நேராக விட்டார். கல்லில் ஏறி, நெல்லில் சறுக்கி, ஆளுக்கொரு பக்கம்.

நல்லவேளை, மெதுவாகத்தான் வந்தோம். எனக்கு முழங்கை சிராய்ப்பு, அவருக்கு முட்டி.

நெல்லுக்குச் சொந்தக்காரர் ராசாத்தி அக்கா துடைப்பத்தோடு ஓடிவந்தார். "ஏன் தம்பி, இம்மாம் பெரிய கல்ல வெச்சிருக்கேன், கண்ண எங்க வெச்சிக்கிட்டு ஓட்டுறீங்க?"

"பிரேக்கு புடிக்கலக்கா."

பிரேக்கைத் தொடவே இல்லை அவர். பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியாதா?

சிதறியதைக் கையால் கூட்டிச் சேர்த்துக் கொடுத்தோம். காலில் ஒரு மணி நெல் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனுஷன் அவர். இன்று ஒரு கை அள்ளி ஒற்றிக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை.

லேபில் யாரிடமும் சொல்லவில்லை. முழங்கைக்கு நானே மருந்து.

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் காபி டம்ளரைத் தட்டிவிட்டார். இடது கைப் பக்கம் வைத்திருந்தேன். போன வாரமும் இதேதான். அதற்கு முன் தண்ணீர்ச் சொம்பு. "எல்லாத்தயும் ஓரத்துல வைக்காத" என்று என்னிடமே கோபம்.

அவருக்குக் கண்ணில் அழுத்தம் என்று முன்பு ஒரு கண் முகாமில் சொன்னார்கள். சொட்டு மருந்து போடுகிறார். நேரே தெரியும், பக்கவாட்டுப் பார்வைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அடிக்கடி வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். கடைசியாக எப்போது போனோம்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.

இன்று பின்னால் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டு போனேன். மதகுக்கு முன்னாலேயே ஹாரன். கோயில் முனை வருமுன்பே வேகம் குறைகிறது. ஒவ்வொரு குழியும் அத்துப்படி. ஆனால் தலை திரும்பவே இல்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டவில்லை, ஞாபகத்தில் ஓட்டுகிறார். எத்தனை மாசமாக இப்படியோ! நெல் வந்து பாதி ரோட்டை அடைத்ததும் ஞாபகம் உதவவில்லை.

ஒரு காரியம் செய்தேன். செய்திருக்கக் கூடாது. "என்னங்க, இடது பக்கம் பாருங்களேன், எவ்ளோ கொக்கு!" என்றேன். அங்கே ஒரு கொக்கும் இல்லை.

"ஆமாமா, நெறைய நிக்குது" என்றார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கிடைத்தும் என்ன? வழியெல்லாம் அந்த இல்லாத கொக்குதான் நினைப்பு.

சாயங்காலம் கண்ணாஸ்பத்திரிப் பேச்சை எடுத்தேன். "அறுப்பு முடியட்டும்." அவ்வளவுதான் பதில்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வெயில். தஞ்சாவூரில் இரண்டு ஷோரூம். பஸ்ஸில்தான் போனோம், பைக்குக்குப் பிரேக் சரியில்லையே! பொய்யும் சில சமயம் உதவுகிறது.

முதல் கடை. அழகான வண்டி, சீட்டு பலகை. உட்கார்ந்த மாத்திரத்தில் இடுப்பு "ஐயோ" என்றது. பாட்டுக் கேட்கலாம், போன் பேசலாம், பின்னோக்கியும் போகும் என்றாள் விற்கிற பெண். "மொதல்ல முன்னாடி போறதப் பாப்போம் பாப்பா" என்றார் இவர். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டாவது கடை. வண்டி பார்க்க ரொம்பச் சுமார். சீட்டு அகலம், தாழ்வு, இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றி இறக்கினேன், நோகவில்லை. இதுதான் என்று மனசு சொல்லிவிட்டது. நீலம் இருக்கிறதாம்.

திரும்பி வந்தால் இவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "குடு, நானும் ஒரு ரவுண்டு பாக்குறேன்."

மெயின் ரோடு. பஸ், ஆட்டோ, ஷேர் ஆட்டோ. என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "வேணாங்க, பசிக்குது. சாப்புடப் போலாம்." சாவியை அங்கே விற்கிற பெண் கையில் கொடுத்துவிட்டேன். சட்டென்று முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. ஓட்டலில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். சரியாகச் சாப்பிடவில்லை.

வரும்போது வாங்கியது: புளி, குளியல் சோப்பு, அவருக்கு ஒரு துண்டு.

பிப்ரவரி 9, திங்கள்

சென்னையிலிருந்து கவிதா போன். பெற்ற மகளாச்சே, மறைக்க முடியவில்லை, எல்லாம் சொன்னேன்.

"அம்மா, அப்பாட்ட நேராச் சொல்லிடு. யார் மேலயாவது ஏத்திட்டா என்ன பண்ணுவ?"

சரிதான். சொல்வது அவளுக்குச் சுலபம்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம். ரிசல்ட் எங்களுக்குத்தான் முதலில் தெரியும், ஆனால் நாங்கள் சொல்லக் கூடாது. கவரில் போட்டு ஒட்டி, "டாக்டர்ட்ட காட்டுங்க" என்று நீட்டிவிடுவோம். இன்றும் ஒரு அம்மா, "நல்ல சேதிதானே?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல சேதி இல்லை. கவரை நீட்டினேன். இதே பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது போல. "இனிமே நீங்க வண்டி ஓட்டாதீங்க" என்று சொல்ல நாக்கு எழவில்லை. நிலம் குத்தகைக்கு எடுத்தது, மகள் சென்னையில். இந்த வீட்டில் அவர் கையில் இருக்கிற ஒரே அதிகாரம் காலையில் என்னைக் கொண்டுபோய் விடுவது. அதையும் நான் பிடுங்கவா?

பிப்ரவரி 10, செவ்வாய்

மேகமூட்டம். நெல் போட்டவர்களெல்லாம் வானத்தையே பார்க்கிறார்கள்.

காலையில் பையை மாட்டிக்கொண்டு சொன்னேன்: "டாக்டர் நடக்கச் சொல்லிருக்காருங்க, இடுப்புக்கு நல்லதாம். இன்னையிலேருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தே போறேன்." டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அவர் சட்டையை மாட்டினார். "இரு, நானும் வரேன். வண்டி பஞ்சர்."

வாசலில் பைக் நின்றது. இரண்டு டயரும் கல்லு மாதிரி. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்திருப்பார். சேர்ந்து நடந்தோம். அவருடைய இடது பக்கமாக நான் வந்துகொண்டேன். நெல் வந்த இடத்தில் கையைப் பிடித்து லேசாக வலப்பக்கம் நகர்த்தினேன். கையை அவரும் விடவில்லை. ராசாத்தி அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "என்னா, புதுசாக் கல்யாணம் ஆன மாதிரி!" என்று கேலி. வெட்கமாகப் போயிற்று, இந்த வயதில்!

பஸ் போய்விட்டது. லேபில் திட்டு.

பிப்ரவரி 12, வியாழன்

நேற்றும் இன்றும் நடைதான். இடுப்பு கொல்கிறது, நடப்பதற்கும் ஒரு எல்லை உண்டு.

தேன்மொழி கேட்கிறாள்: "என்னக்கா, இன்னுமா முடிவு பண்ணல? கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ நாள் பாக்க மாட்டாங்க." வண்டியை முடிவு செய்துவிட்டேன். முடிவாகாதது வேறு. வாங்கி வீட்டில் நிறுத்தினால் சாவியை யார் எடுப்பது?

ராத்திரிக்குப் பூண்டுக் குழம்பு. டம்ளரை வலது பக்கம் வைத்தேன். கவனித்தார்.

பிப்ரவரி 14, சனி

வெயில். எங்கள் அறுப்பு நேற்று முடிந்தது.

அரை நாள் லீவு போட்டிருந்தேன். அவரே கிளம்பச் சொன்னார். அதே இரண்டாவது கடை. உள்ளே முழுக்கச் சிவப்பு பலூன். "கட தொறப்பு விழாவா?" என்றார். காதலர் தினமாம். "ஓகோ" என்று என்னைப் பார்த்தார்.

நீல வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். இவர் சுற்றிச் சுற்றி வருகிறார். ஹேண்டில் பாரைத் தொடவே இல்லை. பின் சீட்டை அமுக்கிப் பார்த்தார். கடைப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏன் பாப்பா, பின்னாடி உக்கார்றவங்க புடிச்சிக்க இந்தக் கம்பி கெட்டியா இருக்குமா? கால எங்க வெக்கிறது?"

"மேடம் உக்காருறதுக்கா சார்?"

"மேடம் ஓட்டுவாங்க. நாந்தான் உக்காரணும்."

நான் பலூனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வை மங்கிவிட்டது எனக்கு.

"ஏறு மல்லி. என்ன வெச்சி ஒரு ரவுண்டு ஓட்டு. ஆள் ஏறுனா இடுப்புக்கு எப்புடி இருக்குன்னு பாக்க வேணாமா?"

ஊருக்குள் ஓடும் புது ஆற்றின் கரை வழியாகப் போனோம். ஆள் ஏறியும் வண்டி குலுங்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல்.

"அன்னைக்கு கொக்கு நிக்குதுன்னியே."

வேகத்தைக் குறைத்தேன்.

"அறுப்புக்குத் தண்ணிய வடிச்ச வயலு அது. கதிர் சாஞ்சு கெடக்கு. அதுல கொக்கு எங்கடி வந்து எறங்கும்?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். விவசாயி பெண்டாட்டிக்கு இது தோன்றவில்லையே! "தெரிஞ்சுமாங்க ஆமான்னீங்க?"

"நீ எதுக்குக் கேட்டன்னு புரிஞ்சிபோச்சி. இல்லன்னு சொன்னா, கண்ணு தெரிஞ்சி சொல்றேன்னு நெனச்சிப்ப. தெரியலன்னு சொல்ல வாய் வரல. ஆமான்னா நீயே புரிஞ்சிப்பன்னு ஆமான்னுட்டேன்."

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. அழுகையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். என் தோளில் கை வைத்தார். கம்பி அவ்வளவு கெட்டியாக இருந்தும்.

"எடது பக்கம் என்னா இருக்கு? உள்ளதச் சொல்லு."

"ஆத்துல தண்ணி இல்லீங்க. மணலுதான். ரெண்டு மாடு மேயுது."

"ம். இனிமே தெனம் இப்புடியே சொல்லிக்கிட்டு வா."