நாள்பட்ட வயிற்றுவலி நீங்கியதற்காக

பாளையங்கோட்டை
14.10.1998

அன்புள்ள மகன் ஹெப்ரானுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நீ பம்பாயில் நல்ல சுகத்தோடு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. உன் அம்மாவுக்கு மூன்று வாரமாகச் சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. போன வெள்ளிக்கிழமை காப்பித்தூளைக் கரைத்து ஊற்றியது போல வாந்தி எடுத்தாள். தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, இது ரத்தம், உடனே குடல் டாக்டரிடம் காட்டி வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நீ போன வருடம் அனுப்பினாயே உன் கம்பெனி இன்சூரன்ஸ் அட்டை, அதையும் கூட வந்த டாக்டர் பட்டியலையும் எடுத்துக்கொண்டு அலைந்தேன். பட்டியலில் உள்ள டாக்டர் பாரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் செல்லுமாம். குடல் டாக்டர் என்று நம் பக்கத்துக்கு நாலே பேர். ஒருவர் குவைத்துக்குப் போய் இரண்டு வருடமாகிறது, அந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை. தூத்துக்குடிக்காரர் இந்த அட்டையெல்லாம் வாங்குவதை நிறுத்தியாச்சு என்று நர்ஸை விட்டுச் சொல்ல வைத்தார். நாகர்கோவிலுக்கு அவளையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன், நாங்குநேரி வரை தாங்கினாள், அதற்குப் பிறகு பையை விரித்துப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தோம், அங்கே போனால் அவர் எலும்பு டாக்டர். முப்பத்திரண்டு வருடம் தாலுகா ஆபீசில் குப்பை கொட்டியவன் நான், இப்படி ஒரு பட்டியலைப் பார்த்ததில்லை. அதை டைப் அடித்தவன் யாரென்று தெரிந்தால் அந்தப் பஸ்ஸில் ஏற்றி உட்கார வைப்பேன்.

மிச்சம் இருந்தது நம் சபை ஞானசிகாமணி டாக்டர். வீட்டுச் சங்கதி கோயிலுக்குத் தெரிய வேண்டாம் என்று உன் அம்மா சொன்னதால் அவரைக் கடைசிக்கு வைத்திருந்தேன். நேற்று வண்ணார்பேட்டையில் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அட்டையைப் பார்த்து, இது வாங்குவேன் என்றார், எனக்கு உயிர் வந்தது. பாரத்தை எடுத்து, நோவு எப்போதிலிருந்து என்று கேட்டார். அட்டை எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் என்றால் இன்சூரன்ஸ் கிடையாது என்பது தெரிந்துதான் மூன்று வாரம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணாச்சி, தொண்ணூத்தொண்ணு ஸ்தோத்திரப் பண்டிகையில காணிக்கைப் பட்டியல் வாசிச்சதே நாந்தான். 'ஜெபராணி வேதமாணிக்கம், நாள்பட்ட வயிற்றுவலி நீங்கியதற்காக'ன்னு இந்த வாயாலதான வாசிச்சேன். இப்ப மூணு வாரம்னு எப்படி எழுதச் சொல்லுதீய?" என்றார். காணிக்கையோடு அம்மா பேரில் அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தது நான்தான் மகனே, வலி நீங்கியதற்காக என்று விட்டிருக்கலாம், ஆபீஸ் புத்தி, நாள்பட்ட என்று முழு விவரம் சேர்த்தேன்.

நானும் விடவில்லை. கர்த்தர் அன்றைக்குக் குணமாக்கியது மெய்யானால் இது புது நோய்தானே, பழைய நோய் என்று எழுதினால் நம் சாட்சி பொய்யாகிவிடாதா என்று சத்தம் போட்டுக் கேட்டேன். அவர் மறுபடியும் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அவர வையாதீங்க. அது என்னைக்கும் நிக்கவே இல்ல. ஹெப்ரான காலேஜ்ல சேர்க்க வேண்டிய நேரம், நீங்க என்னயத் தூக்கிக்கிட்டு மதுர ஆஸ்பத்திரி, மதுர ஆஸ்பத்திரின்னு அலைஞ்சீய. நின்னுட்டுன்னு சொன்னாத்தான் அவனப் பாப்பீங்கன்னு சொன்னேன்" என்றாள். ஏழு வருடம் மகனே. ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. டாக்டர் பாரத்தில் ஏழு வருடத்துக்கு மேல் என்று எழுதினார்.

அட்டை இல்லாமலேயே இன்று காலை குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளே கட்டி போல இருக்கிறதாம், சதை எடுத்து மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். மகன் எப்போது வருவான் என்று என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார், ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. தந்தி கொடுத்தால் பயந்துவிடுவாய் என்று கடிதம் எழுதுகிறேன், எனக்குத்தான் பயமாக இருக்கிறது. லீவு கேட்டுக்கொண்டு நிற்காதே, சொல்லிவிட்டுப் புறப்படு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வந்ததும் வலி எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்காதே. நின்றுவிட்டது என்றுதான் சொல்லுவாள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
சா. வேதமாணிக்கம்